அக்கா தொட்டுப் பார்த்த போல்ட்டுகள்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடத் தூரம். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடியில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தால் தை பிறப்பதற்குள் மூலைகளில் பழுப்பு எட்டிப் பார்க்கும். கேட்டின் கீல், மாடியில் துணி காயப்போடும் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி என்று எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டாண்டம் சைக்கிளைக் கொண்டுவந்தேன். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள்.

அக்காவுக்காக வாங்கியது. அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய். இருபத்தெட்டு வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது. பத்து வருடமாக வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும்தான் தெரிகிறது. சின்ன வயதில் என்னைக் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். ஒரு நாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "சைக்கிள் ஓட்டற மாதிரி நேத்தும் கனவுடா" என்றாள். "நேத்தும்" என்ற அந்தச் சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஆரோவில்லிலிருந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதி தங்கள் வண்டியை விற்றார்கள். குரோமோலி எஃகு ஃபிரேம், 26 அங்குலச் சக்கரங்கள். ஃபிரேம் நல்ல திடமாக இருந்தது. ஆனால் அதுவும் அத்தனை வருடம் கடலோரத்தில் நின்ற வண்டிதான். கொண்டுவந்த அன்று சாயங்காலம் அக்கா தரையில் உட்கார்ந்து அதை முன்னாலிருந்து பின்னால்வரை விரலால் தடவிப் பார்த்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டில் விரல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். "இது என்னடா, பிஸ்கட் மாதிரி உதிருது?" என்று கையை நீட்டினாள். விரல் நுனி முழுக்கச் செம்பழுப்புப் பொடி.

டாண்டத்தில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவரைக் கேப்டன் என்பார்கள், பின்னால் இருப்பவரை ஸ்டோக்கர் என்பார்கள். ஸ்டோக்கர் என்றால் அந்தக் காலத்து நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். எங்கள் வீட்டில் முன் ஆள், பின் ஆள். பிரேக், கியர், திருப்பம் எல்லாம் முன் ஆள் கையில். பள்ளமோ வேகத்தடையோ வந்தால் நான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு பெடல்களும் ஒரே சங்கிலியால் கட்டப்பட்டவை. நான் நிறுத்தினால் அவள் காலும் நிற்கும். பின் ஆள் கைப்பிடிக்கும் ஹேண்டில்பாரோ என் சீட்டுக் குழாயில் மாட்டப்பட்டிருக்கும் ஒரு கிளாம்ப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்குவது நாலைந்து சின்ன போல்ட்டுகள். கண் தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்த போல்ட்டு துருப்பிடித்திருப்பதை என்றைக்காவது பார்த்துவிடுவார். அக்காவுக்கு அந்த வழி இல்லை. அவளுக்காக நான்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, எல்லா போல்ட்டையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். சாதாரணச் சைக்கிளைவிட டாண்டத்தில் எல்லாமே இரட்டிப்பு: இரண்டு ஹேண்டில்பார், இரண்டு சீட்டுக் குழாய், பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், இரண்டு ஜோடி, இரண்டையும் இணைக்கும் தனிச் சங்கிலி. தண்ணீர் பாட்டில் தாங்கியின் ஸ்க்ரூவிலிருந்து கேரியர் போல்ட்டுவரை எண்ணினேன். அறுபத்திநாலு வந்தது. வலைத்தளங்களில் மேய்ந்தபோது கண்ணைப் பறித்தது டைட்டானியம். எஃகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி, கடல் நீரிலேயே போட்டு வைத்தாலும் துருப் பிடிக்காது, பளபளவென்று இருக்கும். பத்து போல்ட்டு மட்டும் முதலில் வரவழைத்தேன். எம்5 அளவு, அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன், 16 மில்லிமீட்டர் நீளம்.

அடுப்படித் தராசில் பழைய எஃகு போல்ட்டு பத்தையும் சேர்த்து வைத்தேன்: 40 கிராம். டைட்டானியம் பத்து: 23 கிராம். அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் ஐந்தைந்தாகக் கொடுத்தேன். "அடேங்கப்பா, இது கூடு மாதிரி இருக்கு" என்றாள், டைட்டானியக் கையை உயர்த்தி. அந்த வித்தியாசம் கையில் வைத்துப் பார்க்கும்போது நிஜமாகவே ஆச்சரியமானது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் சுமார்; டைட்டானியம் 4.5 சுமார். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கணக்கை முழு வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டாண்டம் 19 கிலோ. நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து 130 கிலோ. மாற்றக்கூடிய எல்லா போல்ட்டையும் டைட்டானியமாக மாற்றினாலும் மிச்சமாவது நூறு கிராமைச் சுற்றி. பாட்டிலில் நாங்கள் தூக்கிக்கொண்டு போகிற தண்ணீர் அதைப்போல ஏழு மடங்கு. பந்தய வீரர்களுக்கு அந்த நூறு கிராம் பொருட்டாக இருக்கலாம். ஈசிஆரில் முட்டுக்காடுவரை போய் இளநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு எடைக்காக போல்ட்டு மாற்றுவது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். டாண்டத்தில் எடை குறைக்க ஆசைப்பட்டால் டயரையும் ட்யூபையும் முதலில் பாருங்கள். எங்கள் பழைய தடித்த டயரை மாற்றியதிலேயே அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது, வண்டியும் லேசாக உருண்டது. போல்ட்டை மாற்றுவதற்குத் துருவே போதுமான காரணம்.

துரு என்று முடிவானதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது எவர்சில்வர். பாரிமுனைப் பக்கம் போல்ட்டு நட்டு மட்டுமே விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு கடையில் "எஸ்எஸ் போல்ட்டு" என்று கேட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். விலையும் சல்லிசு. ஒரு டைட்டானியம் போல்ட்டின் விலைக்கு ஒரு கை அள்ளிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல சரக்குதான் என்று எல்லா இடத்திலும் மாட்டிவிட்டேன். அந்த ஒரு மாலையில் நான் மூன்று தவறு செய்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. கோவளம் தாண்டி ஒரு வேகத்தடை. நான் "மேடு!" என்று குரல் கொடுத்தேன், அக்கா பெடலில் எழுந்து கையை ஊன்றினாள். டக் என்று ஒரு சத்தம். அவளுடைய ஹேண்டில்பார் அப்படியே கீழ்ப்பக்கம் சுழன்றது. அவள் என் முதுகில் வந்து மோதினாள். வேகம் குறைவாக இருந்ததால் வண்டியை ஓரங்கட்ட முடிந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கைக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம போயிடுச்சுடா" என்றாள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றின் தலை காணாமல் போயிருந்தது.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அதே தெருவில் வேறொரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தலையில நம்பர் இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். நான் பார்க்கவேயில்லை. அவர் மேஜை டிராயரிலிருந்து நாலு வகை போல்ட்டை எடுத்து வரிசையாக வைத்தார். கறுப்பு போல்ட்டின் தலையில் 12.9. இன்னொன்றில் 8.8. எவர்சில்வரில் ஒன்றில் ஏ2-70, மற்றொன்றில் ஏ4-80. "நம்பர் இல்லாததை வாங்கி ஜன்னலுக்குப் போடு. உயிர் உட்கார்ற இடத்துல போடாத" என்றார்.

அந்த எண்களின் பொருளை வீட்டில் வந்து படித்தேன். 12.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவிசைவரை அறாத எஃகு. நிரந்தரமாக நீளத் தொடங்குவதே அதில் 90 சதவீதத்தை நெருங்கும்போதுதான். ஏ2-70 எவர்சில்வர் 700-இல் அறும். ஆனால் 450-இலேயே நீளத் தொடங்கிவிடும். அதாவது, பழைய கறுப்பு போல்ட்டு தாங்கியதில் பாதிக்கும் குறைவு. நம்பரே இல்லாத போல்ட்டு இதைவிடவும் மென்மையாக இருந்திருக்கலாம். பளபளப்பைப் பார்த்து, துருவே பிடிக்காத பலவீனத்தை அக்காவின் கைக்குக் கீழே பொருத்தியிருந்தேன். முதல் தவறு அது.

இரண்டாவது காந்தச் சோதனை. காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்யும் 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. உப்புக் காற்றில் அது சீக்கிரம் புள்ளி போடும். மாறாக, நல்ல 304 எவர்சில்வரையும் குளிர்நிலையில் அழுத்தி போல்ட்டாக உருவாக்கும்போது லேசாகக் காந்தம் பிடிக்கும். ஆகவே தலையில் உள்ள எழுத்தை நம்புங்கள், காந்தத்தை நம்பாதீர்கள். ஏ2 என்பது 304 வகை: சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மேற்பரப்பில் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால்தான் அது துருப்பிடிப்பதில்லை. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போடும். ஏ4, அதாவது 316 வகையில், 2-இலிருந்து 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் இந்தக் குத்தைத் தாங்கும். கடலுக்கு ஐந்து நிமிடத் தூரத்தில் இருப்பவர்கள் கூடக் கொஞ்சம் காசு போனாலும் ஏ4 வாங்குவது நல்லது.

மூன்றாவது தவறு, மரைக்குக் கிரீஸ் போடாதது. எவர்சில்வர் போல்ட்டை எவர்சில்வர் நட்டில் காய்ந்த நிலையில் வேகமாக முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் "கடிச்சுக்கிச்சு" என்பது இதைத்தான். கேரியரின் ஒரு போல்ட்டு அப்படிக் கடித்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், கடைசியில் ரம்பத்தால் அறுக்க வேண்டியதாயிற்று. டைட்டானியத்துக்கும் இந்தக் குணம் உண்டு, இன்னும் மோசமாகவே உண்டு. மெதுவாக, கையால், கடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ நல்ல கிரீஸோ தடவித்தான் ஏற்ற வேண்டும்.

கிரீஸ் இன்னொரு காரியமும் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் செருகி மின்சாரம் எடுத்துக் காட்டுவார்களே, அதேதான் சைக்கிளிலும் நடக்கிறது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். எஃகோ எவர்சில்வரோ டைட்டானியமோ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கரைவது அலுமினியம்தான். போல்ட்டு புதிதுபோல் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் மரை வெள்ளைப் பொடியாகிக்கொண்டிருக்கும். கிரீஸ் இடைவெளியை அடைத்துத் தண்ணீரை உள்ளே விடாமல் வைக்கிறது.

இதன் முழுக் கொடுமையையும் நான் பார்த்தது எக்சென்ட்ரிக்கில். டாண்டத்தின் முன் பெடல் அச்சு ஒரு உருண்டையான அலுமினியக் கட்டைக்குள், மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டையைத் திருப்பினால் அச்சு முன்னும் பின்னும் நகரும். இரண்டு பெடலையும் இணைக்கும் சங்கிலி தொய்ந்தால் இப்படித்தான் இழுத்துக்கட்ட வேண்டும். அக்காதான் முதலில் சொன்னாள்: "இடது பக்கம் ஏதோ சலசலங்குது, என் கால் உன் காலுக்குப் பின்னாடி ஒரு நூல் தாமதமா வருது." குனிந்து பார்த்தால் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டையைத் திருப்ப முயன்றேன். மலை மாதிரி அசையவில்லை. எஃகுக் கூட்டுக்குள் அலுமினியம் அத்தனை வருடம் உப்போடு கிடந்து பூத்திருந்தது. அலுமினியம் ஆக்சைடாகும்போது பழைய உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆப்பு அடித்ததுபோல் தானே இறுகிக்கொள்ளும்.

கீழ்ப்பக்கம் அதைப் பிடித்திருந்த இரண்டு தலையில்லா ஸ்க்ரூவில் ஒன்று வந்தது, இன்னொன்றின் ஆறுமூலைக் குழி துருவில் வட்டமாகிவிட்டது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளைத்து எடுத்தோம். அப்புறம் ஐந்து நாள் ஊடுருவும் எண்ணெயை விட்டு விட்டு ஊறப்போட்டேன். சூடு காட்டினால் கழலும் என்று பட்டறையில் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன்: சூட்டில் அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும், உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே எஃகு. சூடு இன்னும் இறுக்கத்தானே செய்யும்? குளிர்தான் வேண்டும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி வந்து, அச்சைக் கழற்றிய குழிக்குள் துணியில் கட்டி அடைத்தேன். முக்கால் மணி நேரம். அக்கா ஃபிரேமைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனரில் ஒரு முழ நீளக் குழாயை மாட்டி அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காய்ந்த தேங்காய் பிளப்பதுபோல் ஒரு சத்தம். "அசைஞ்சுது! எனக்குக் கையில தெரிஞ்சுது!" என்று அக்கா கத்தினாள். இரண்டு பேருக்கும் சட்டையெல்லாம் எண்ணெய்.

வெளியே எடுத்த கட்டையின் மேல் மாவு உதறினதுபோல் வெள்ளைப் பொடி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசி, ஏ4 ஸ்க்ரூக்களோடு திரும்ப மாட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேவை இருக்கிறதோ இல்லையோ, அதை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பழைய இடத்தில் வைக்கிறேன். டாண்டம் வைத்திருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

உலோகத்துக்கும் கடலுக்கும் நடக்கிற இந்தச் சண்டையை நம் ஊர் நன்றாக அறியும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் என்ற ஊரில் கடலோர அரிமானத்தைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம். நூறு வருடத்துக்கு மேல் அதைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே ஒரு தனி வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு எவர்சில்வர் முறுக்குக் கம்பியும், துருவைத் தாங்கும் தனி வகைப் பெயின்ட்டும் போட்டு, இணைப்புகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் தண்ணீர் ஒளிந்துகொள்ள இடுக்கு கிடையாது. போல்ட்டு தலைக்கும் வாஷருக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் துரு முதலில் குடியேறும் என்பது எங்கள் சைக்கிளிலும் கண்ட உண்மை.

இப்போது வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பாட்டில் தாங்கி, மட்கார்டு, கேரியர் எல்லாம் ஏ4 எவர்சில்வர். இரண்டு ஹேண்டில்பாரையும் என் சீட்டுக் குழாய்க் கிளாம்ப்பையும் பிடிக்கும் போல்ட்டுகள் டைட்டானியம். ஐந்தாம் கிரேடு, அதாவது ஆறு சதவீதம் அலுமினியமும் நாலு சதவீதம் வனேடியமும் கலந்தது. அது 900 நியூட்டனுக்கு மேல் தாங்கும், 8.8-ஐவிட மேல், 12.9-க்குக் கீழ். இந்த இடங்களில் துரு அதிகம் வருவதற்குக் கடல் மட்டும் காரணமில்லை. என் நெற்றி வியர்வை முன் கிளாம்ப்பில் சொட்டுகிறது, அக்காவின் வியர்வை பின் கிளாம்ப்பில். வியர்வையும் உப்புத்தான். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கி, கிளாம்ப்பில் எழுதியிருக்கும் 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் முறுக்குகிறேன். அந்த ரெஞ்ச் வாங்கியதை இந்த மொத்த வேலையிலேயே சிறந்த செலவாக நினைக்கிறேன்.

கிராங்க்கை அச்சோடு பிடிக்கும் பெரிய போல்ட்டுகளை மாற்றவில்லை. பின் அச்சுதான் இரண்டு பேருடைய மிதியையும் சேர்த்துச் சுமக்கிறது. அங்கே பழைய கனத்த எஃகுதான் சரி. கிரீஸ் தடவி மூடி போட்டிருக்கிறேன். ஸ்போக் எல்லாம் முதலிலிருந்தே எவர்சில்வர். ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டான நிப்பிளை அலுமினியமாக மாற்றினால் ஒரு சக்கரத்துக்கு 28 கிராம் குறையும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கடல் காற்றில் அலுமினிய நிப்பிள் வெளுத்து வெடித்ததைப் பார்த்திருப்பதால் பித்தளையே போதும் என்றுவிட்டேன். கேபிள் மட்டும் கொஞ்சம் அலையவிட்டது. டாண்டத்தின் பின் கியருக்கு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். சாதாரணக் கடையில் கிடைப்பது இரண்டு மீட்டர்தான். எவர்சில்வர் கேபிளாக வெளியூரிலிருந்து வரவழைத்தேன். அடுத்தது, இரண்டு பெடலையும் இணைக்கும் சங்கிலியை எடுத்துவிட்டு கார்பன் இழை வைத்த பெல்ட் போடலாம் என்று ஆசை. துருவும் இல்லை, எண்ணெயும் வேண்டாம், சங்கிலியைவிட லேசு. பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.

இத்தனையும் மாற்றியபிறகும் தினமும் காப்பாற்றுவது ஒரு வாளி நல்ல தண்ணீர்தான். ஓட்டிவிட்டு வந்ததும் கழுவாமல் நிறுத்தினால், ஒட்டியிருக்கும் உப்பு ராத்திரி ஈரக்காற்றை இழுத்து வைத்துக்கொண்டு விடியும்வரை வேலை பார்க்கும். நான் தண்ணீர் ஊற்ற, அக்கா பழைய வேட்டித் துணியால் துடைப்பாள். ஒவ்வொரு போல்ட்டாக, முன்னாலிருந்து பின்னால்வரை. வரிசை அவளுக்கு மனப்பாடம். சரியானதைத் தாண்டும்போது எதுவும் சொல்லமாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சீட்டுக்குக் கீழே கை நின்றது. சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் உட்பக்கம், குனிந்து டார்ச் அடித்தால் மட்டுமே தெரியும் இடம். அறுபத்திநாலு என்று எண்ணிய அன்று அதை நான் எண்ணவேயில்லை.

"இங்க ஒண்ணு சொரசொரங்குதுடா" என்றாள். விரலை எடுக்காமல், "அந்த எட்டாம் நம்பர் கம்பியக் குடு, நானே கழட்டிப் பார்க்கறேன்" என்று இன்னொரு கையை நீட்டினாள். எட்டு இல்லை, அதற்கு ஐந்துதான். எல்-கீயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.